ஒரே டவர், இரண்டு கம்பெனி, ஒரு மாமனார்

அலுவலகத்தில் அவளுக்கு நடுவரம்மா என்று பெயர். வேலை அப்படி. செலவை மிச்சம் பிடிக்கலாம் என்று இரண்டு செல்போன் கம்பெனிகள் ஒரே டவர்களைப் பங்கு போட்டுக்கொண்டன. ஒரே உறையில் இரண்டு கத்தி. அந்த டவர்களைப் பராமரிக்கும் மூன்றாவது கம்பெனியில் அவளுக்கு உத்தியோகம். ஒரு ஆன்டெனா எட்டுகிற பரப்பைச் செல் என்பார்கள். ஒவ்வொரு செல்லிலும் யாருடைய பாக்கெட் ஒழுங்காகப் போய்ச் சேருகிறது, யாருடையது வழியிலேயே தொலைகிறது என்று திரையில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நீலக் கோடு ஒரு கம்பெனி, ஆரஞ்சுக் கோடு இன்னொன்று. எந்தக் கோடு சரிந்தாலும் அந்தக் கம்பெனி இன்ஜினீயர் போனில் வந்து, "அவங்க எங்க பங்கையும் சேர்த்துத் தின்னுட்டாங்க" என்பார்.

வீட்டிலும் அவளுக்கு நடுவர் வேலைதான், சம்பளம் மட்டும் கிடையாது. மருமகள் பாக்கெட் எண்ணுகிறாள் என்று மாமியார் அடுக்குமாடி முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். பேச்சும் படமும் பொடிப்பொடியாக நறுக்கப்பட்டுத்தான் காற்றில் போகின்றன, அந்தத் துணுக்குகளைத்தான் பாக்கெட் என்கிறோம் என்று அவள் எவ்வளவோ விளக்கிப் பார்த்தாள். மேல்மாடிக்காரர் மட்டும் லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம், "பிஸ்கட் ஏதாவது மலிவா கிடைக்குமாம்மா?" என்று கேட்பதை விடவில்லை.

இப்படியிருக்க, ஒரு மாதமாக வீட்டில் புதுத் தலைவலி. மாமியார் தினமும் மதியம் வெளியூரிலிருக்கும் மகளோடு வீடியோவில் பேசுவார். பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் படம் உறைந்துவிடும். உடனே மருமகளின் அலுவலகத்துக்கு போன் வரும்.

"என் பொண்ணு திறந்த வாய் மூடாம அப்படியே நிக்கிறா. ஊருக்கெல்லாம் சிக்னல் குடுக்கறே, சொந்த மாமியாருக்கு மட்டும் இல்லையா?"

"பாக்கறேன் அத்தை."

"அறுத்து விடறதே நீதானோன்னு தோணுது."

அவள் திரையைப் பார்த்தாள். வீடு இருக்கும் செல்லில் நீலக் கோடு படுத்துக் கிடந்தது, ஆரஞ்சு கொழுத்துப் போயிருந்தது. மாமியாருடையது நீலக் கம்பெனி. யாரோ ஒரே ஒரு ஆரஞ்சுக்காரர், சிக்னல் சரியாக எட்டாத இடத்திலிருந்து, விடாமல் எதையோ மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். சிக்னல் மங்கலான இடத்திலிருந்து பேசுவது காது மந்தமானவரிடம் பேசுவதைப் போல. ஒரே வார்த்தையைப் பத்துத் தடவை சொல்ல வேண்டும், அதற்குள் மற்றவர் வாய் திறக்க இடமிருக்காது. ஆள் யார் என்று திரை சொல்லாது.

மறுநாள் மதியம், அளவெடுக்கும் கருவியோடு டவர் ஏறும் ஊழியரை அழைத்துக்கொண்டு கிளம்பினாள். எல்லோரும் அவரை ஏணி என்பார்கள். தெருவில் நடக்க நடக்கக் கருவியின் முள் ஏறியது. அவள் குடியிருக்கும் கட்டடத்துக்கு முன்னால் வந்ததும் துள்ளியது.

"அக்கா, இது உங்க வீடாச்சே?" என்றார் ஏணி.

"வாயை மூடிட்டு வாங்க."

முள் அவர்களைக் கீழ்த்தளத்துக்கு, கார் நிறுத்துமிடத்துக்கு இழுத்துப் போனது. படியில் இறங்கும்போதே பாட்டுச் சத்தம். பழைய காதல் பாட்டு. தூணுக்குப் பின்னால், ஒரு காரின் மேல் போனைச் சாய்த்துவைத்து, கண்ணை மூடிக் கையை நீட்டி உருகிக்கொண்டிருந்தார் அவளுடைய மாமனார். தினமும் இந்த நேரத்துக்கு நடைப்பயிற்சி என்று கிளம்புகிறவர். மீசைக்குச் சாயம் வேறு.

கண்ணைத் திறந்தவர் மருமகளைப் பார்த்ததும் சுருதி இறங்கிவிட்டார்.

"நேரலைம்மா," என்றார் போனைக் காட்டி. "ரசிகர்கள் காத்துட்டிருக்காங்க. அத்தைகிட்ட சொல்லிடாதே. வீட்ல நான் முனகினாலே பல்லு வலியான்னு கேக்கறா."

"அதுக்கு இந்தப் பாதாளத்துலயா மாமா?"

"எதிரொலி! இங்க பாடினா என் குரல் எனக்கே அடையாளம் தெரியலை."

ஏணி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

நாற்பது வருடத் தாம்பத்தியத்தில் மாமனார் தானாக எடுத்த ஒரே முடிவு, மனைவியின் கம்பெனி வேண்டாம், ஆரஞ்சுதான் வேண்டும் என்பது. அது இப்படி வந்து விடியும் என்று யார் கண்டது?

ஆனாலும் ஒரு மனிதர் எவ்வளவு உருகினாலும் அடுத்த கம்பெனியின் பாதியைத் தொட முடியாதே என்று அவளுக்கு உறுத்தியது. அலுவலகம் திரும்பித் தேடியபோதுதான் தெரிந்தது: போன மாதம் மென்பொருளைப் புதுப்பித்தபோது, அந்தச் செல்லில் ஆளுக்குப் பாதி என்ற ஏற்பாடே அழிந்துபோயிருக்கிறது. புதுப்பித்தது அவள் குழுதான். வல்லவன் வைத்ததே சட்டம் என்று ஒரு மாதம் ஓடியிருக்கிறது. அசடு வழிந்தபடி சரிசெய்தாள். மாமனாரிடமும் போய்ப் படத்தின் தரத்தைக் குறைத்துக்கொள்ளச் சொன்னாள்.

"மீசை தெரியாதேம்மா!"

"பாட்டு கேக்கும் மாமா."

அரைமனதாகச் சம்மதித்தார். நீல இன்ஜினீயர் போனில், "அந்த ஆரஞ்சு ஆள் யாரு மேடம்?" என்று விடாமல் குடைந்தார். இசைத்துறையைச் சேர்ந்தவர் என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

மாமியாருக்கு ஆனந்தம் தாளவில்லை. மதியம் முழுக்க மகளின் முகம் கண்ணாடி மாதிரித் தெரிந்தது. "என் மருமக நினைச்சா டவரே தலையாட்டும்" என்று லிஃப்டில் பெருமையடித்தார். பிஸ்கட் கேட்டவர்கூட அன்று மரியாதையாக ஒதுங்கி நின்றார்.

அந்த வாரக் கடைசியில் நாத்தனாரிடமிருந்து போன் வந்தது. நன்றி சொல்லத்தான் என்று ஆசையாக எடுத்தாள்.

"அண்ணி, உங்களுக்குப் புண்ணியமா போகும். அந்த டவரைப் பழையபடி கெடுத்து வைங்களேன்."

"ஏன், என்னாச்சு?"

"முன்னல்லாம் நடுநடுவுல அம்மா உறைஞ்சு போவாங்க. நான் பாத்திரம் தேய்ச்சு, துணி மடிச்சு, ஒரு வாய் சாப்பிட்டும் முடிச்சிடுவேன். இப்ப கண்ணை எடுக்க முடியலை. நேத்து முழுக்கத் தலைகாணி உறையைப் பத்தியே பேசினாங்க அண்ணி. தலைகாணி உறை!"

நடுவரம்மா வெகுநேரம் சிரித்தாள். அப்புறம், டவரைக் கெடுப்பது குற்றம், ஆனால் வேறொரு வழி இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்தாள்: வாயைத் திறந்து, கண்ணை இமைக்காமல், எவ்வளவு நேரம் அசையாமல் உட்கார முடியும் என்று பழகிப் பார்.