இரண்டு பக்கமும் இடதுபக்கம்

கனடாவின் மில்லிக்கனில் உதைபந்தாட்ட மைதானங்களுக்குக் கோடு போடும் வேலைக்குப் போன முதல் நாள், முதலாளி செல்வராசா அண்ணை கோடு போடும் மெசினை என்னிடம் தள்ளிவிட்டு, ஒரேயொரு பாடம்தான் சொல்லித் தந்தார்.

“மெசின்ர சில்லைப் பாராதை. அங்கால நிக்கிற கொடியைப் பார். சில்லைப் பார்த்தாயெண்டா கோடு வளையும்.”

வருடக்கணக்காக அப்படித்தான் செய்தேன். ஆனாலும் ஒரு மைதானத்துக்கு எதிர்வீட்டுக் கிழவர் இயனுக்குத் திருப்தியில்லை. மடக்குக் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, “வளைந்திருக்கிறது” என்பார். ஸ்கொட்லாந்துக்காரர். அவருடைய ஆங்கிலத்தில் பாதி எனக்குப் பிடிபடாது. என்னுடையதும் அவருக்கு அப்படித்தான். அதற்காக நாங்கள் கதைக்காமல் விட்டதில்லை.

கதை எப்போதும் அவருடைய தகப்பனாரைப் பற்றியது. இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் ஸ்கொட்லாந்தில் சம்பளத்துக்கு உதைபந்து விளையாடியவர். சுரங்கத்தில் கரி வெட்டிக்கொண்டிருந்தவரை ஒரு கிளப் கூட்டிப்போனது. இடதுபக்க விங்கர். அந்தக் காலத்து விங்கர் கோட்டோடு ஓடிப் பந்தை உள்ளே அடித்துக் கொடுக்க வேண்டும். தானே பந்தோடு கோட்டை விட்டு உள்ளே வெட்டிப் போனால் பயிற்சியாளர் கத்துவாராம். ஒரு தடவையாவது உள்ளே போய்க் கோல் அடிக்க வேண்டும் என்று மனுசன் ஆசைப்பட்டிருக்கிறார். அதற்குள் முழங்கால் போய்விட்டது. பிறகு கனடா, தொழிற்சாலை வேலை. தன் சாம்பலை ஒரு மைதானத்தில் போடச் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார். மனைவி விடவில்லை. அவருக்குப் பிறகு மகன் இயனுக்கும் மனம் வரவில்லை.

நான் ஓய்வுபெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன், இயன் முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டி வந்தது. “அப்பாவின் சாம்பல் சாடியை அங்கே கொண்டுபோனால், எனக்குப் பிறகு யாராவது குப்பையில் போட்டுவிடுவார்கள்” என்றார். இந்த மைதானத்திலேயே போட்டுவிடுவோமா என்று கேட்டேன்.

செல்வராசா அண்ணையிடம் போனேன்.

“என்ன? இவ்வளவு காலமும் சாம்பலை வீட்டுக்குள்ளயே வைச்சிருந்தவரோ? எங்கட ஆக்கள் எண்டா எப்பவோ தண்ணியில கரைச்சிருப்பினம். உந்த மனுசனுக்காக என்ர கொன்ராக்டைத் துலைக்கப் போறியோ?”

கத்திவிட்டு, அவரே கிளப்புக்கு ரெலிபோன் எடுத்தார். “ஆட்டமில்லாத நாளில ஆரவாரமில்லாமச் செய்யட்டாம்.”

நடுவட்டத்தில் போடலாம் என்றேன். இயன் தலையை ஆட்டினார். “அப்பாவை அங்கே யார் விட்டார்கள்? இடதுபக்கக் கோட்டில் போடு.”

“எந்த இடது? இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறுமே?”

இயன் திகைத்துப்போய் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். “அப்படியென்றால் பாதி பாதி.”

பெயின்ற் மெசினுக்கு இது சரிவராது. மூலையில் கிடந்த பழைய பவுடர் மெசினைத் துடைத்து, வெள்ளைப் பவுடரோடு சாம்பலைக் கலந்து, முதற்பாதியை ஒரு பக்கக் கோட்டில் போட்டேன். கோடு நேராக விழுந்தது. இயன் நடக்கப் பிடிக்கும் வோக்கரைத் தள்ளிக்கொண்டு மற்றக் கோட்டுக்குப் புறப்பட்டார். வேலை வான் வண்டியில் ஏறச் சொன்னேன், கேட்கவில்லை. நடுமைதானத்தில் மூச்சு வாங்கியது. சும்மா பார்க்க வந்ததாகச் சொன்ன செல்வராசா அண்ணை, கதிரையோடு ஒரு டப்பாவும் கொண்டு ஓடிவந்தார். உள்ளே துண்டுகளாக வெட்டிய ஒரேஞ், எங்கள் தோடம்பழம்.

“ஹாஃப் ரைம், சேர்.”

இயன் ஒரு துண்டைச் சப்பிக்கொண்டே அழுதார். அவருடைய அப்பாவின் அணிக்கும் இடைவேளையில் தோடம்பழம்தானாம்.

இரண்டாம் பாதியில் என்னால் கொடியைப் பார்க்க முடியவில்லை. சாம்பல் முடிந்துகொண்டு வருவதையே பார்த்தபடி தள்ளினேன். திரும்பிப் பார்த்தால், கோடு ஓரிடத்தில் உட்பக்கமாக வளைந்து கிடந்தது.

இயன் மெல்ல வந்து குனிந்து பார்த்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பெயின்ற் அடித்து நேராக்கிவிடுகிறேன் என்றேன்.

“தொடாதே” என்றார். “அப்பா உள்ளே வெட்டிவிட்டார்.”

வேலைக்குப் புதிதாக வரும் தம்பிமாருக்கு நானும் அதே பாடத்தைத்தான் சொல்லிக் கொடுத்தேன்: கொடியைப் பார், சில்லைப் பாராதே. அந்த மைதானத்தின் அந்தக் கோட்டை மட்டும், ஓய்வுபெறும்வரை வேறு யாரையும் போட விடவில்லை.