பனியன் கம்பெனி மாடியில் நர்சு வகுப்பு

வெளிநாட்டு மருத்துவமனைகளுக்குப் போகும் நர்சுகளைச் செய்முறைத் தேர்வுக்குத் தயார் செய்வது என் தொழில். அதாவது, இங்கே அவசரத்தில் பழகியதை மறக்கவைத்து ஊரை விட்டு அனுப்புவது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி மாடியில் வகுப்பு. கீழே மெஷின் ஓடினால் மேலே கட்டிலில் கிடக்கும் பொம்மை நோயாளி நடுங்கும். அந்த இரைச்சலில் வகுப்பெடுத்துத் தொண்டை கட்டியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

உட்கார வைத்துச் சொல்ல வேண்டும்

இறப்புச் செய்தியைச் சொல்வதற்கும் வெளிநாட்டில் தேர்வு உண்டு. உறவினரைத் தனியறையில் உட்கார வைத்து, நிதானமாகச் சொல்லி, அழுதால் காத்திருக்க வேண்டும். சோமனூர் செல்வி நன்றாகப் படிப்பவள். என்னை உறவினராக எதிரே உட்கார வைத்து ஆரம்பித்தவள், பாதியில் நின்றுவிட்டாள். வார்த்தை மறந்துவிட்டதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். தறி ஓட்டிய அவள் அப்பா மாரடைப்பில் போனவர் என்பது எனக்குத் தெரியும். அவளே சொன்னாள்:

“எங்கப்பா போனதை ஆஸ்பத்திரியில யாருமே சொல்லலீங்க மேடம். ‘வண்டிக்குச் சொல்லிட்டீங்களா’ன்னு கேட்டாங்க. அதுலதான் தெரிஞ்சுது.”

நேரம் முடிந்தது

பெருமாநல்லூர் ஸ்டெல்லா அவசரப் பிரிவில் வேலை முடித்து நேராக வகுப்புக்கு வருவாள். அன்று காலை, சாயப்பட்டறைத் தொட்டியைக் கழுவ இறங்கி விஷவாயுவில் மயங்கிய ஒருவரைத் தூக்கி வந்திருக்கிறார்கள். நெஞ்சை அமுக்கியது இவள்தான். டாக்டர் போதும் என்ற பிறகுதான் விட்டாளாம். வகுப்பிலும் அன்று அதே பயிற்சி. மாற்றி வைத்திருக்கலாம், அப்போது எனக்கு விஷயம் தெரியாது. நேரம் முடிந்தது என்றேன். பொம்மையின் நெஞ்சிலிருந்து அவள் கையை எடுக்கவில்லை. தோளைத் தொட்டேன். நிமிராமலே சொன்னாள்:

“கொஞ்சம் இருங்க மேடம். அவங்கம்மா பஸ்ஸுல வந்துட்டிருக்காங்க.”

பெருமைப்பட வேண்டிய விஷயம்

ஸ்டெல்லா தேறி இங்கிலாந்து போனாள். தன் அம்மாவை அவள் கடைசியாகப் பார்த்தது என் போனில்தான். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்த அந்த அம்மாவுக்குப் புற்றுநோய் முற்றியிருந்தது. ஸ்டெல்லாவுக்கு உடனே லீவு கிடைக்கவில்லை. என்னைப் போய்ப் பார்க்கச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் கட்டிலருகே போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ எப்போது வருவாய் என்று அம்மா கேட்கவே இல்லை. வேலை எப்படி என்று மட்டும் கேட்டார். அங்கே பார்க்க யாரும் வராத ஒரு கிழவியின் கையைக் கடைசிவரை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக ஸ்டெல்லா சொன்னாள். பேசி முடித்ததும், மகளை நினைத்துப் பெருமைப்படலாம் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் கேட்டார்:

“ஏனுங்க, அந்தக் கிழவி பெத்ததும் வெளிநாட்லதான் இருக்குமுங்களா?”

என் மாணவிகள் இப்போதும் நன்றாகவே தேறுகிறார்கள். நல்ல நர்சே கிடைப்பதில்லை என்று உள்ளூர் ஆஸ்பத்திரிக்காரர்கள் என்னிடமே வந்து குறைப்படுகிறார்கள்.