முழங்கையில் ஒரு மாதுளை நிறம்

என் இடது முழங்கையில் இருக்கும் சதை அந்த இடத்துச் சதை இல்லை. முன்கையிலிருந்து குடிவந்தது. இதைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள், பிறகு கையைக் காட்டச் சொல்வார்கள். நானும் ரவிக்கைக் கையை ஏற்றிவிட்டுக் காட்டுவேன். மறைத்து வைக்க அது ஒன்றும் திருட்டு நகை இல்லை.

சேவூர் சாலையில் ஸ்கூட்டரை ஓட்டியவர் என் வீட்டுக்காரர். பின்னால் உட்கார்ந்திருந்தவள் நான். குறுக்கே வந்தது ஒரு நாய். நாய்க்கும் ஒன்றும் ஆகவில்லை, அவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் மட்டும் முழங்கையால் தார் ரோட்டைத் தேய்த்துக்கொண்டு போனேன். உடைந்த எலும்பைத் தகடு வைத்துச் சேர்த்தார்கள். ஆனால் ரோட்டில் உராய்ந்த தோல் கறுத்து உதிர்ந்துவிட்டது. சில நாள் கழித்துக் கட்டைப் பிரித்தபோது குழிக்குள் தகடு தெரிந்தது.

"ஜரிகை மாதிரி மின்னுது, பாருங்க" என்றேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

நாங்கள் இருவரும் ஆரணியில் பட்டு நெய்கிறவர்கள். வீட்டில் இரண்டு தறி, அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. வலது கை கயிற்றை இழுத்து, நூல்கண்டு வைத்த நாடாவை ஓடவிடும். இடது கை பலகையைத் தள்ளி இழுத்து, குறுக்கே ஓடிய ஊடை இழையை அடித்து நெருக்கும். ஒவ்வோர் இழைக்கும் இடது முழங்கை ஒரு முறை மடங்கி நீள வேண்டும். மடங்காத கையோடு தறியில் உட்கார்ந்து என்ன செய்ய? எனக்கு நெய்வது பிடிக்கும். தறியில் உட்கார்ந்தால் என் கோபம் பாதியாகக் குறையும் என்பது தெருவுக்கே தெரியும். ஆகவே கை மடங்குமா என்பது என் ஒருத்தியின் கவலை இல்லை.

கண்ணமங்கலம் வழியாக பஸ் பிடித்து வேலூருக்குப் போனோம். அங்கே டாக்டரம்மா குழியைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "வெறும் தோலை வச்சா தகடு மேல ஒட்டாதுங்க. ரத்தம் ஓடற சதை வேணும். பிளாப் பண்ணிடலாம்."

வீட்டுக்காரர் முகம் செத்துவிட்டது. என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு வந்தார்.

"இன்னா இது, படம் ரிலீசே ஆவல, அதுக்குள்ள பிளாப்புன்றாங்க. வேற ஆஸ்பத்திரி பாக்கலாம்."

"ஜல்தியா உள்ள வாங்க. முழுசாக் கேட்டுட்டு அப்புறமா பேஜார் ஆவலாம்" என்றேன்.

பிளாப் என்றால் என்ன என்று டாக்டரம்மா ஒரு தாளில் வரைந்து காட்டினார். சுண்டுவிரல் பக்கமாக முன்கையில் ஒரு சதை ஓடுகிறது. அதை மணிக்கட்டுப் பக்கம் விடுவித்து, முழங்கைப் பக்கம் ரத்தக்குழாயோடு அப்படியே விட்டுவிட்டு, திருப்பிக் குழியின் மேல் போடுவார்களாம். நாலு நாள் கழித்து அதன்மேல் தொடைத்தோல். மணிக்கட்டை மடக்க வேறு சதையும் இருப்பதால் பலம் கொஞ்சம்தான் குறையும் என்றார்.

"அப்ப அறுத்து ஒட்டல, மடிச்சுப் போடறீங்க" என்றேன்.

"ஆமாங்க, மடிச்சுத்தான் போடறோம்."

நாளெல்லாம் புடவை மடிப்பவளுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. கை மடங்குமா என்று மட்டும் கேட்டேன். சதை பிழைத்துக்கொண்டால், விடாமல் பயிற்சி செய்தால் மடங்கும் என்றார். சதை பிழைக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

ஆபரேஷன் முடிந்ததும் கையில் சுற்றிய கட்டுத்துணியில் சின்ன ஜன்னல் மாதிரி ஓரிடத்தைத் திறந்து விட்டிருந்தார்கள். நர்ஸம்மா வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "நாங்களும் பாப்போம், நீங்களும் இந்தச் சிவப்பைப் பாத்துக்கங்க. கலர் மாறினா ரத்தம் ஓடலன்னு அர்த்தம், உடனே சொல்லுங்க" என்றார்.

ஆரணிக்காரரிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது. பச்சையிலேயே இருபது பச்சை பிரித்துச் சொல்கிற மனுஷன். சாப்பிடப் போனாலும் பாதியில் ஓடிவந்து என் கைக்குள் எட்டிப் பார்ப்பார். முதல் நாள் செங்கல் என்றார். மறுநாள் மாதுளை. மாதுளை என்றதும் அவருக்கே ஒரு திருப்தி, அன்றுதான் ஒழுங்காக இட்லி சாப்பிட்டார்.

மூன்றாம் நாள் மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு மழைக்கு நின்றது. வார்டில் டியூப்லைட் போட்டார்கள். எட்டிப் பார்த்தவர் அப்படியே ஓடினார்.

"சிஸ்டர், மாதுளை போய் அரக்கு ஆயிடுச்சுங்க."

அவர் ஓடிய ஓட்டத்தில் நர்ஸ் டாக்டரம்மாவைக் கூப்பிட, அவர் இரண்டு பேரோடு வந்து நின்றார். தறியில் பாதி நெய்து நின்ற புடவைதான் கண்ணுக்குள் வந்தது. அதை வேறு யாரோ முடிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

டாக்டரம்மா அழுத்திப் பார்த்தார், ஊசியால் குத்திப் பார்த்தார். பளிச்சென்று சிவப்பு ரத்தம் வந்தது.

"நல்லாத்தானே இருக்குது. எங்க மாறிச்சு?"

வீட்டுக்காரர் தலையைத் தூக்கினார். தலைக்கு மேலிருந்த டியூப்லைட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். எந்தக் கடையிலும் டியூப்லைட்டில் நிறம் பார்க்காதவர் அவர். புடவையை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் விரித்துத்தான் வாய் திறப்பார். டியூப்லைட்டில் மாதுளை அரக்காகத் தெரியும் என்று வியாபாரிகளுக்கே பாடம் எடுத்தவர், பெண்டாட்டி கை என்றதும் மறந்துவிட்டார்.

கட்டிலை ஜன்னல் பக்கம் தள்ளினார்கள். குனிந்து பார்த்தார்.

"மாதுளதாங்க" என்றார், குரலே எழும்பாமல்.

வார்டே சிரித்தது. டாக்டரம்மாவும் சிரித்துவிட்டு, கட்டில் அங்கேயே இருக்கட்டும் என்றார். அந்தப் புண்ணியத்தில் எனக்குக் காற்று வந்தது.

பிறகு தோல் வைத்தார்கள். வலை வலையாகக் கீறி வைத்த தோல், சின்னக் கட்டம் போட்ட புடவை போலவே இருந்தது. வீட்டுக்கு வந்து, கைக்குப் பயிற்சியாக மாதக்கணக்கில் மேஜையைத் துணியால் துடைத்தேன். தள்ளு, இழு, தள்ளு, இழு. அவ்வளவு பளபளப்பான மேஜை எங்கள் தெருவில் கிடையாது. வலியில் நான் திட்டிய திட்டையெல்லாம் அவர் வாங்கிக்கொண்டார்.

ஒரு காலையில் தறியில் உட்கார்ந்தேன். முதல் அடி அரைகுறை. இரண்டாவது தேவலை. பத்தாவதில் பலகை சரியான சத்தம் கொடுத்தது. மணிக்கட்டு அசையும்போதெல்லாம் முழங்கைச் சதையும் துடித்தது. பழைய வேலையை அது மறக்கவில்லை. அவர் தன் தறியை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்.

"அதுவும் கூடவே நெய்ஞ்சிகினு கீது" என்றார்.

ஒரு சாண் நெய்ததும் என்னை எழுப்பி வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். முழங்கையை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா கலருங்க?"

"தெரியல" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றிருந்தது.

இடது கையை மடக்கினேன். முந்தானையைப் பிடித்து அவர் கண் வரைக்கும் கொண்டு போனேன். எட்டியது. துடைத்துவிட்டு, "இப்ப பாத்துச் சொல்லுங்க" என்றேன்.