லாக் ரிங்கின் வேகம்

என் தம்பிக்குத் துறைமுகச் சாலையில் பஞ்சர் கடை. உப்பு லாரிகளும் கன்டெய்னர் லாரிகளும்தான் வாடிக்கை. பழைய லாரிச் சக்கரத்தில் டயர் கழன்றுவிடாமல் பிடித்திருப்பது லாக் ரிங் என்ற இரும்பு வளையம். அது சரியாக உட்காராமல் காற்று ஏறினால் தெறித்துவிடும். அதனால் ஹோஸை மாட்டியதும் தம்பி தள்ளிப்போய் கம்ப்ரெசர் பக்கம் நின்றுகொள்வான். டிரைவர் யாராவது சக்கரத்தை நெருங்கினால், "அங்கன நிக்காதிய அண்ணாச்சி, தலை போயிரும்" என்று விரட்டுவான்.

அப்படிப்பட்டவன் போன ஆடி மாதம், காற்று ஏறிக்கொண்டிருந்த சக்கரத்தின் மேலேயே குனிந்திருக்கிறான். வளையம் தெறித்ததில் வலது கண் போயிற்று. அன்றைய நாள் அவன் நினைவில் அடியோடு இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் தொடங்கினான். "யக்கா, நான் அங்கன எதுக்குப் போனேன்?"

கவனக்குறைவு என்றார்கள் பார்க்க வந்தவர்கள், பழத்தைத் தின்றுகொண்டே. அவனும் நம்பிவிட்டான். இப்போது காஸ் அடுப்பைப் பற்றவைக்கக்கூடத் தன்னை நம்பாமல் என்னைக் கூப்பிடுகிறான்.

நான் பள்ளியில் இயற்பியல் எடுப்பவள். தெரிந்ததைச் செய்தேன். கடைக்கு எதிரே டீ போடுகிறவரிடம் போய், வளையம் எவ்வளவு உயரம் போயிற்று என்று கேட்டேன்.

"லைட்டுக் கம்பத்துக்கு ரெண்டு மடங்கு இருக்கும் டீச்சர். போன் அடிச்சிச்சு, உங்க தம்பி எடுக்கக் குனிஞ்சாவ, அதுக்குள்ள வெடிச்சிட்டு."

போன் சக்கரத்துக்கு அந்தப் பக்கம் டப்பா மேல் இருந்ததாம். அடித்தது யார் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். வீட்டுக்கு வரும்போது சாளை மீன் வாங்கிவரச் சொல்ல அந்த நேரத்தில் நான்தான் கூப்பிட்டேன். தம்பியிடம் இதையெல்லாம் கிளற வேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன். கேவலமாகத்தான் இருந்தது.

வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கம்பம் பன்னிரண்டு மீட்டர் என்று வைத்தால் வளையம் இருபத்து நான்கு மீட்டர் எழும்பியிருக்கும். அதற்கு வினாடிக்கு இருபத்திரண்டு மீட்டர் வேகமாவது வேண்டும். அவன் முகத்தை உரசிக் குறைந்த வேகம் அது, புறப்பட்டது இன்னும் அதிகம். சக்கரத்துக்கும் முகத்துக்கும் இரண்டடி. அதைக் கடக்கக் கண்ணிமைக்கும் நேரத்தில் கால் பங்குகூட ஆகாது. மூன்று முறை போட்டேன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தாளை அவனிடம் காட்டினேன். "யாராலும் விலகியிருக்க முடியாதுப்பா. நீயே பாரு."

ஒற்றைக் கண்ணால் கடைசி வரி வரை பொறுமையாகப் பார்த்தான்.

"அது எவ்வளவு வேகமா வந்துச்சுன்னு நான் கேக்கலக்கா. நான் எதுக்குப் போனேன்னுதான் கேக்கேன்."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"தெரியலியேப்பா" என்றேன்.

அவன் தலையாட்டினான். தாளை நான்காக மடித்துத் தந்துவிட்டு, எழுந்து போய் ஆணியில் தொங்கிய கடைச் சாவியை எடுத்து வந்து என் கையில் வைத்தான்.

"அப்ப நான் கவனமில்லாதவன்தான். கடையை யாருக்காச்சும் குடுத்துரு யக்கா."