ஒன்பது நிமிடமும் ஓர் அட்டையும்

பக்கத்துத் தெருவில் முப்பத்தொரு பேர் செத்ததை மறைக்க உங்கள் ஊர் இன்டர்நெட்டையே அரசு நிறுத்தினால், எத்தனை நாள் சும்மா இருப்பீர்கள்?

டிஷ்காரர் நான்கு நாள் இருந்தார். மொட்டைமாடி ஏறி டிவி டிஷ்களைத் திருப்பி வைப்பது அவர் பிழைப்பு. நாற்பத்தாறு வயது, முழங்கால் வலி, அரசியல் பேசினால் கொட்டாவி விடுவார். சாயத் தொழிற்சாலையில் கொதிகலன் வெடித்தது. "மூவருக்குக் காயம்" என்றது அரசு. அங்கே வேலை பார்த்த அவருடைய மைத்துனனை ஆணியடித்த பெட்டியில் கொடுத்தார்கள். காகிதத்தில் மாரடைப்பு. திறக்க மாட்டோம் என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

டிஷ்காரருக்கு ரேடியோ பைத்தியம் உண்டு. பல நாட்டுப் பைத்தியங்கள் சேர்ந்து, செருப்புப் பெட்டி அளவில் ஒரு செயற்கைக்கோள் செய்து, யாரோ விட்ட ராக்கெட்டில் தொற்றி ஏற வைத்திருந்தார்கள். எந்த அரசின் கேபிளும் அதற்கு வேண்டாம். கீழிருந்து போகும் சேதியை வாங்கி வைத்து, போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே சுற்றும். ஒரு தடவை வந்தால் ஊருக்கு மேலே ஒன்பது நிமிடம் இருக்கும்.

தச்சர்கள் வைத்திருக்கும் இரும்பு அளவு டேப்பை வெட்டி, பிளாஸ்டிக் குழாயில் மாட்டி ஏரியல் செய்தார்.

"என் தையல் டேப்பையாவது விட்டுவச்சீங்களே," என்றாள் மனைவி.

"அது துணிம்மா, சிக்னல் எடுக்காது."

"எடுத்தா அதையும் வெட்டியிருப்பீங்க."

துணி தைக்க அளவெடுக்கும் சாக்கில் வீடு வீடாகப் போய்ச் செத்தவர்களின் பெயர்களைச் சேர்த்தவள் அவள்தான். தம்பி பெயரைக் கடைசியில்தான் எழுத முடிந்தது.

ஒரு காலையில் மொட்டைமாடியில் செயற்கைக்கோள் போகும் பக்கமெல்லாம் அவர் ஏரியலைத் திருப்ப, அவள் கடிகாரம் பார்த்தாள். ஏழாவது நிமிடத்தில் எல்லாப் பெயரும் ஏறிவிட்டன.

ரேடியோக்காரர்களுக்குள் ஒரு மரியாதை உண்டு. "உங்கள் சிக்னலைக் கேட்டேன்" என்று யாராவது தபாலில் அட்டை போட்டால், நாள், நேரம், அலைவரிசை எழுதி, கையெழுத்திட்டுப் பதில் அட்டை போட வேண்டும். இரண்டு வாரத்தில் அப்படி ஒன்று வந்தது: முப்பத்தொரு பெயரும் தெளிவாகக் கேட்டன, உறுதி செய்யவும்.

"போடாதீங்க," என்றாள்.

"யாரோ கேட்டிருக்காங்கம்மா! பதில் போடலைன்னா நான் என்ன மனுஷன்?"

விசாரணை அறையில் அவர் போட்ட பதில் அட்டையை மேசைமேல் வைத்தார் அதிகாரி. "இந்த ஊர்ல ரேடியோ லைசன்ஸ் நாப்பது பேருக்கு. நாப்பது பேருக்கும் ஒரே அட்டையைத்தான் போட்டோம். பதில் போட்டது நீங்க ஒருத்தர்தான் சார். என்ன மரியாதை! கையெழுத்துகூட முத்து முத்தா இருக்கு."

"அப்ப வேற யாருமே கேக்கலையா?"

"ஏன், நாங்க கேட்டோமே!"

நிமிடத்துக்கு ஒரு வருடம் என்று ஒன்பது வருடத் தண்டனை. பெயர்களைச் சேர்த்தது யார் என்று அவர் சொல்லவில்லை. அதற்கு வலது கையின் மூன்று விரல்களை ஒடித்தார்கள். இரண்டாவது வருடம் அவரையும் ஆணியடித்த பெட்டியில் கொடுத்தார்கள். மாரடைப்பாம். அந்த ஊரில் இதயங்களுக்கு எவ்வளவு கீழ்ப்படிதல்! மனைவி எல்லை தாண்டிவிட்டாள். அதனால்தான் இதை எழுத முடிகிறது. தன்னை யாருமே கேட்கவில்லை என்று நம்பித்தான் அவர் செத்தார் என்கிறாள் அவள்.

செயற்கைக்கோள் இன்னும் சுற்றுகிறது. அதை வைத்து ஆணியடிக்கும் பெட்டி எந்த அரசிடமும் இல்லை. ஓர் இரும்பு டேப், ஒரு குழாய், ஒரு ரேடியோ, பழைய கம்ப்யூட்டர் ஒன்று போதும். மாடி ஏறுங்கள். அந்த முப்பத்தொரு பெயரையும் வாங்கி உங்கள் தெருச் சுவரில் பெரிதாக எழுதுங்கள். பதில் அட்டை மட்டும் யாருக்கும் போடாதீர்கள்.