தலைவர் பேசி எடுத்த வேலை

எண்பதுகளில், கொழும்பில் ஒரு பெரிய கம்பியூட்டர் கம்பெனியில் எனக்குப் புரோகிராமர் வேலை கிடைத்தது. பரீட்சை எழுதி, நேர்முகத்தில் வியர்த்து வழிந்து வாங்கிய வேலை. மறுநாள் காலைப் பெரட்டில், ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் நேரத்தில், எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் அறிவித்துவிட்டார்: "நம்ம சங்கம் பேசி எடுத்துக் குடுத்த வேலை!"

மழையிலும் விரிக்காத குடையைச் சட்டைக் காலரின் பின்னால் மாட்டிக்கொண்டு திரிபவர் அவர். பக்கத்து டவுனான ஹட்டனைத் தாண்டிப் போனதில்லை.

"தலைவரே, அது நான் படிச்சு எடுத்த வேலைங்க!" என்று கத்தினேன்.

"கோவப்படாதீங்க தம்பி. நீங்க எடுத்ததுன்னா உங்க வீட்டோட போயிரும். சங்கம் எடுத்ததுன்னாதான் அடுத்த புள்ளைக்கும் கேக்கலாம்."

முதல் லீவுக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்கினால், தோட்டத்து மூன்று பெண்பிள்ளைகளோடு தலைவர் நிற்கிறார்.

"இதுங்களுக்கும் பேசிட்டேன். நீங்க கணக்கு மட்டும் சொல்லிக் குடுங்க."

என் லீவுகள் எல்லாம் அதிலேயே போயின. சில வருடங்களில் அவர்களில் ஒருத்திக்கு எங்கள் கம்பெனியிலேயே வேலை கிடைத்தது. தலைவர் பெரட்டில் மறுபடியும் அதையே அறிவித்தார்.

எரிச்சல் தாங்கவில்லை. ஆனால் இந்த முறை மறுக்கவும் முடியவில்லை.