விடிந்தால் இறங்கிவிடும் பேட்டரி

அப்பாவை எரித்துவிட்டு வந்த மறுநாள் காலையிலேயே அவருடைய பழைய கார் மக்கர் பண்ணத் தொடங்கியது. சாவியைத் திருப்பினால் டக் டக் என்று ஒரு சத்தம், அதோடு சரி. காரியத்துக்குச் சாமான் வாங்கக் கோவில்பட்டிக்குப் போக வேண்டும். பொறுமை எனக்கு மருந்துக்கும் கிடையாது. “சனியனே, அப்பா இருந்த வரைக்கும் ஒழுங்காத்தான ஓடுன?” என்று பானெட்டில் ஒரு குத்து விட்டேன்.

பேட்டரி முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தது. வெந்நீர் ஊற்றிக் கழுவித் துடைத்து, வாஸ்லின் தடவி, ஒயரை இறுக்கினேன். பகலெல்லாம் சார்ஜரில் போட்டேன். சாயங்காலம் ஜம்மென்று ஸ்டார்ட் ஆனது. கரிசல் புழுதி ஏறாமல் தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டுப் போனேன். விடிந்தால் மறுபடியும் டக் டக்.

இப்படியே ஒரு வாரம் உயிரை வாங்கியது. மீட்டரை வைத்துப் பார்த்தேன். எஞ்சின் ஓடும்போது பதினாலு வோல்ட் காட்டியது. சார்ஜ் ஏறுவதில் குறை இல்லை. பேட்டரியும் போன தீபாவளிக்கு மாற்றியதுதான். அப்படியானால் வண்டி நிற்கும்போது எதுவோ கரண்டைக் குடிக்கிறது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்துவிடுவோம் என்று அன்று அந்தியில், மூடிவிட்டுப் போன தார்ப்பாயை மறுபடி வந்து விலக்கினேன். உள்ளே கூரை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“எந்த மூதேவி இதப் போட்டது?” என்று வீடே அதிரக் கத்தினேன்.

“நாந்தான்யா” என்றாள் அம்மா, பின்னால் நின்று.

அப்பா வீட்டில் சாகவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில், இந்தக் காரின் முன் சீட்டில், என் பக்கத்தில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். எங்கள் பக்கம், உயிர் போன இடத்தில் பதினாறாம் நாள் வரை விளக்கு எரிய வேண்டும்.

“காருக்குள்ள எண்ணெ வெளக்கு வைக்க முடியுமாய்யா? தீப்பிடிச்சிரும்லா. அதான் நீ மூடிட்டுப் போன பெறவு இதப் போட்டேன். விடிஞ்சு பாத்தா தெனமும் அணைஞ்சு கெடக்கு. சுவிச்ச அமத்தி வச்சுட்டு, ராத்திரி திரும்பப் போடுவேன். அவியளுக்கு எம்மேல என்ன வருத்தமோ தெரியலயே.”

பேட்டரி இறங்கியதை அப்பாவின் கோபம் என்று நினைத்து ஒரு வாரமாக யாருக்கும் தெரியாமல் அழுதிருக்கிறாள். “பேட்டரிதாம்மா எறங்குது. அப்பாவுக்கு ஒம்மேல என்ன வருத்தம்?” என்றேன். ஃபியூஸைத் தொடவில்லை. சார்ஜரை மாட்டி அப்படியே விட்டுவிட்டேன். அதன் பிறகு விளக்கு அணையவே இல்லை. கடைக்கு பஸ்ஸில் போய்வந்தேன்.

பதினாறாம் நாள் சடங்கு முடிந்ததும் அம்மாவே வந்து அந்த விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போனாள். சொந்தக்காரர்களை பஸ் ஏற்றிவிட வேண்டியிருந்தது. சார்ஜரைக் கழற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது.

சத்தம் கேட்டு அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

“ஏலே, ஆஃப் பண்ணுல! இப்பமே கெளம்பணுமா? இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போவட்டும்ல!”

அவள் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்து சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எஞ்சினை நிறுத்தினேன்.